உவரும் நன்னீரும் கூடுமிடம்: நீர்கொழும்புக் களப்பின் கதை



கொழும்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாகச் சென்றவர்கள், பாதையோரமாக நாணலும் கோரையும் அடர்ந்த பரந்த ஈரநிலம் ஒன்றையும், அதற்கு வடக்கே வெயிலில் ஒளிவீசிக் கிடக்கும் நீர்ப்பரப்பு ஒன்றையும் கண்டிருப்பார்கள். அந்த ஈரநிலம் முத்துராஜவெல எனப்படுவது. நீர்ப்பரப்பு நீர்கொழும்புக் களப்பு. வரைபடத்திலே இவை இரண்டு பெயர்களைக் கொண்டிருப்பினும் இயற்கையிலே ஒன்றேயாம். ஒன்றின் நீரே மற்றதன் உயிர். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாக, ஆட்சி செய்தோர் ஒவ்வொருவரும் இவ்விடத்தைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்ற முயன்ற வரலாற்றையும், அவ்வரலாறு இன்று நமக்குக் கூறும் பாடத்தையும் இப்பேச்சிலே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலிலே இவ்விடத்தின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் நன்று. களப்பின் பரப்பு ஏறத்தாழ 3,200 ஹெக்டேயர். சதுப்பு நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர். களப்பின் வடமுனையிலே, நீர்கொழும்பு நகரத்தின் அருகே, ஒடுங்கிய வாய் ஒன்று கடலோடு இணைகின்றது. தென்முனையிலே, களப்பும் சதுப்பும் சந்திக்குமிடத்தில், தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் வந்து கலக்கின்றன. ஆகவே வடக்கிலிருந்து உவர்நீரும் தெற்கிலிருந்து நன்னீரும் ஒன்றை நோக்கி ஒன்று வருகின்றன. மழைக்காலத்திலே நன்னீர் மேலோங்கி உவரை வாயை நோக்கித் தள்ளும். வறட்சிக் காலத்திலே உவர் உள்ளே ஏறும். நமது கரைகளிலே கடலின் ஏற்றவற்றம் இரண்டடி மூன்றடிக்கு மேற்படுவதில்லை. எனினும் களப்பின் சராசரி ஆழம் ஒருவர் இறங்கி நிற்கக்கூடிய அளவே ஆதலால், அச்சிறு ஏற்றவற்றமும் அதன் முழு உடலையும் அசைத்து விடுகின்றது.

இவ்வாறு இரு நீரும் மாறிமாறி ஆளுகின்ற இடத்தையே கழிமுகம் என்கிறோம். இங்கே வளரும் கண்டலும் கண்ணாவும் உவரைத் தாங்கப் பழகிய மரங்கள். அவற்றின் வேர்களிடையிலும், களப்பின் அடியிலே வளரும் கடற்புற்களிடையிலும் மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளர்கின்றன. வெள்ளை இறாலின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். அது கடலிலே முட்டையிடுகின்றது. பொரித்த குஞ்சுகள் வாய் வழியாகக் களப்பினுள் வந்து, சில மாதங்கள் இரைதேடி வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் அடைபட்டால் அவை உள்ளே வர இயலாது. கண்டலும் கடற்புல்லும் அழிந்தால் உள்ளே வந்தும் பயனில்லை. நன்னீர் வரவு குன்றினால் வளர்ச்சி குன்றும். கடலிலே வலைவீசும் மீனவனுடைய வருவாயின் ஒரு பங்கு இக்களப்பிலேதான் வளர்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க, வரலாற்றுக்கு வருவோம்.

முத்துராஜவெல என்ற பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. 'வெல' என்பது சிங்களத்திலே வயலைக் குறிக்கும் சொல். அரசனுக்குரிய முத்துப் போன்ற நெல் விளைந்த வயல் என இப்பெயருக்கு மரபு வழியாகப் பொருள் கூறுவர். கோட்டை இராச்சியக் காலத்திலே இங்கே நெல் விளைந்தது என்பதும், உள்ளூர்களிலிருந்து பாக்கு, மிளகு, கறுவா முதலிய பொருள்களைக் கரைக்குக் கொண்டுவருதற்கு நீர்வழிகள் பயன்பட்டன என்பதும் வழிவழியாகக் கூறப்பட்டு வருகின்றன. இன்று இங்கே நெல் விளைவதில்லை. அரசனுடைய வயல் எவ்வாறு சதுப்பாயிற்று என்ற வினாவுக்கு விடை, வெட்டப்பட்ட வாய்க்கால்களிலே கிடக்கின்றது.

1505 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயருக்கு நீர்கொழும்பின் சிறப்பு கறுவாவே. அதன் பொருட்டே ஒல்லாந்தர் 1640 இல் நீர்கொழும்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அதனை மீண்டும் இழந்து, 1644 இல் நிலையாகப் பெற்றனர். அவர்கள் கட்டிய கோட்டை வாயிலிலே 1678 என்ற ஆண்டு இன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒல்லாந்தர் தமது தாய்நாட்டிலே நீரோடு போராடிப் பழகியவர்கள். வாய்க்கால் வெட்டுதலும் அணை கட்டுதலும் அவர்களுக்குக் கைவந்த கலை. களனி கங்கையையும் நீர்கொழும்புக் களப்பையும் சதுப்பினூடாக இணைக்கும் நீர்வழியை அவர்கள் பயன்படுத்தினர். சரக்கேற்றிய படகுகள் அவ்வழியே கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையிற் சென்றன. வாணிகத்துக்கு அது பேருதவியே. ஆயினும், சரக்குப் படகுக்குத் திறந்த வழி உவர்நீருக்கும் திறந்த வழியாயிற்று. வறண்ட மாதங்களிலே கடல்நீர் வாய்க்கால் வழியாக வயல்வரை ஏறியது. உவரைத் தடுத்து வயலை மீட்க ஒல்லாந்தர் முயன்றும் அம்முயற்சி நிலைக்கவில்லை. படகும் வேண்டும், நெல்லும் வேண்டும் என்ற இரண்டு விருப்பங்களும் ஒரே வாய்க்காலிலே முரண்பட்டன.

1796 இல் கரையோர மாகாணங்கள் பிரித்தானியர் கைக்கு வந்தன. உவரை வடித்து அகற்றினால் முத்துராஜவெல மீண்டும் நெற்களஞ்சியமாகும் என அவர்களும் எண்ணினர். சதுப்புக்கும் கடலுக்கும் இடையே, கரைக்கு நிகராக, ஏறத்தாழ ஒன்பது மைல் நீளமான புதிய வாய்க்கால் ஒன்றை 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்தனர். அக்கால அரசாங்க அதிகாரியாகிய கவின் ஹமில்ட்டன் என்பவரது பெயரால் அது ஹமில்ட்டன் வாய்க்கால் என வழங்கலாயிற்று. இன்றும் அது அப்பெயருடனேயே உள்ளது. சுற்றுலாப் படகுகள் அதிலே செல்கின்றன. ஆனால் நெல் மீளவில்லை. காரணம் எளிது. வாய்க்காலின் ஒருமுனை களனியின் முகத்துவாரத்தை நோக்கியது. மறுமுனை களப்பை நோக்கியது. இரண்டும் கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டவை. உவரை வெளியேற்ற வெட்டிய வழியே உவரை உள்ளே அழைத்து வந்தது. வெளியே செல்லும் நீருக்கும் உள்ளே வரும் நீருக்கும் தனித்தனி வழி கிடையாது என்னும் உண்மையை, மூன்று ஆட்சிகளின் பொருட்செலவிலே இந்நிலம் எடுத்துக்காட்டியது.

வயலாக மறுத்த நிலம் பாழாய்ப் போயிற்று என்று எண்ணுதல் தவறு. மனிதர் கைவிட்ட நிலத்தை நாணலும் கோரையும் கண்டலும் ஏற்றுக்கொண்டன. நாரையும் கொக்கும் நீர்க்கோழியும் உவர்நீர் முதலையும் அங்கே குடியேறின. அரசாங்கப் பதிவேடுகளிலே பயனற்ற சதுப்பு என்று பெயர் பெற்ற இந்நிலம், தன் தொழிலை ஓசையின்றிச் செய்து வந்தது. அத்தொழில் யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன். அதற்கு முன், களப்பிலே வாழ்ந்த மக்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

ஆட்சியாளர் வாய்க்கால் வெட்டிய அக்காலத்திலே, களப்பின் வாயருகே வாழ்ந்த மீனவர் வேறொரு வழியிலே இந்நீரைக் கையாண்டனர். நீர்கொழும்புக் கரையின் மீனவக் குடும்பங்களிலே தமிழும் சிங்களமும் வீட்டுமொழிகளாக வழங்கி வந்தமையை நேயர்களிற் பலர் அறிவர். அவர்களுடைய தொழில்களிலே ஒன்று 'கட்டுதெல்' எனப்படும். 'தெல்' என்பது சிங்களத்திலே வலை. 'கட்டு' என்பது நமது காதுக்குப் புதிதன்று. வாய்க்கு அண்மையிலுள்ள நீரோட்டங்களிலே கம்புகளை நட்டு, இரவிலே கடல் வற்றும் வேளையில் அவற்றிடையே வலை கட்டுவர். வளர்ந்து கடலுக்குத் திரும்பும் இறால்கள் நீரோட்டத்தோடு வந்து வலையில் விழும்.

இத்தொழிலின் சிறப்பு வலையிலன்று, விதியிலே உள்ளது. வலை கட்டும் இடங்கள் வரையறுக்கப்பட்டவை. கடற்றெரு, பெரியதெரு, டூவ, பித்திப்பன ஆகிய நான்கு இடங்களைச் சேர்ந்த சங்கத்தாரே அவற்றில் தொழில் செய்யும் உரிமையுடையோர். எவருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாக உரியதாகாது. வறிய இடமும் ஒருவர் தலையிலேயே என்றும் விழாது. நமது கரைகளிலே கரைவலைக்குப் 'பாடு' வகுத்துக்கொள்ளும் முறையை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். தலைமுறை தலைமுறையாக வந்த இவ்வழக்கத்தை அரசாங்கமும் மதித்து, 1958 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளாக்கிச் சட்டத்தின் பாதுகாப்பை அளித்தது. மக்களிடம் ஏற்கெனவே இருந்த நல்ல விதியை இனங்கண்டு, அதற்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தமை போற்றத்தக்க செயலாகும்.

மற்றொரு தொழிலும் குறிப்பிடத்தக்கது. ஆழங் குறைந்த இடத்திலே கண்டல் மரக்கிளைகளை வட்டமாக ஊன்றி விடுவர். கிளைகளிலே பாசி படரும். நிழலும் இரையும் நாடி மீன்கள் வந்து சேரும். சில வாரங்களின் பின் சுற்றிலும் வலையிட்டு, கிளைகளை அகற்றி, மீனைப் பிடிப்பர். கிளைக்காகக் கண்டலை வெட்டினால் காடு அழியாதா என்று நீங்கள் கேட்கலாம். அழிவதற்கு இடமுண்டு. ஆனால் இக்களப்பின் மீனவர் தமது காணிகளின் நீரோரத்திலே கண்டலைத் தாமே நட்டு வளர்த்தனர். வெட்டுவதற்கு மரம் வேண்டுமாயின் வளர்ப்பதற்கும் ஆள் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கண்டல் நடுகை என்பது அண்மைக்காலத் திட்டங்களோடு வந்த புதுமை என எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்க.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நெருக்கடி வேறு வடிவில் வந்தது. கொழும்பு நகரம் வடக்கே பரந்தது. 1978 இல் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. வேலைவாய்ப்பும் குடியிருப்பும் பெருகின. அவற்றோடு கழிவுநீரும் பெருகிற்று. முன்னைய ஆட்சியாளர் சதுப்பை வயலாக்க விரும்பினர். இக்காலத்தோர் அதனை மனைநிலமாக்க விரும்பினர். வெட்டுதலுக்குப் பதிலாக நிரப்புதல் வந்தது. 1990களில் தெற்கே கெரவலப்பிட்டியப் பகுதியிலே கடல்மணல் கொண்டு பல நூறு ஏக்கர் நிலம் நிரப்பப்பட்டது.

எனினும் அதே காலத்திலே நன்முயற்சிகளும் நிகழ்ந்தன. 1991 இல் முத்துராஜவெலவுக்கென ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. எந்தப் பகுதியைக் காத்தல் வேண்டும், எந்தப் பகுதியிற் கட்டடங்களுக்கு இடமளிக்கலாம், இரண்டுக்குமிடையே எதனை இடைவலயமாக விடலாம் என்று அது பிரித்துக் காட்டியது. 1996 இல் சதுப்பின் வடபகுதியிலே ஏறத்தாழ 1,285 ஹெக்டேயர் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சரணாலயம் என்றால் மனிதர் நுழையாத காடு என்பது பொருளன்று. நமது சட்டத்தின்படி சரணாலயத்தினுள்ளே தனியார் காணிகளும் குடியிருப்புகளும் இருக்கலாம். ஆகவே பலகை நாட்டினால் மட்டும் காவல் அமைந்துவிடாது. உள்ளே வாழ்வோரின் ஒத்துழைப்பே உண்மையான வேலி.

சதுப்பு ஓசையின்றிச் செய்துவந்த தொழில் யாது என்று பின்னர்க் கூறுவதாகச் சொன்னேன். 2003 ஆம் ஆண்டு வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று அதற்கு விலை மதித்தது. பெருமழையின்போது முத்துராஜவெல ஒரு கோடியே பத்து இலட்சம் கனமீற்றர் வரையான நீரைத் தாங்கி, பத்து நாள்களுக்கு மேலாகச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது என அவ்வாய்வு கூறிற்று. வெள்ளத்தைத் தாங்குதல், கழிவுநீரைத் தெளிவித்தல், மீன்வளத்தைப் பேணுதல் முதலிய பணிகளின் ஆண்டு மதிப்பு ஏறத்தாழ 80 இலட்சம் அமெரிக்க டொலர். அதிலே பெரும்பங்கு வெள்ளத்தைத் தாங்கும் பணிக்கே உரியது. மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும்போது இக்கணக்கை நான் அவர்களிடம் வேறுவிதமாகச் சொல்வதுண்டு: சதுப்பிலே நிரப்பப்படும் ஒவ்வொரு கூடை மண்ணும், அவ்வளவு வெள்ளநீரை வேறொருவர் வீட்டுக்கு அனுப்பி வைக்கின்றது. அந்த வீடு பெரும்பாலும் தாழ்நிலத்திலே குடியிருக்கும் ஏழையின் வீடாகவே இருக்கின்றது.

மதிப்பு அறியப்பட்ட பின்னரும் இடர்கள் ஓயவில்லை. 2013 அக்டோபரில் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை இச்சதுப்பினூடாகவும் களப்பின் ஓரமாகவும் செல்கின்றது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து பல உயிர்களைப் பலிகொண்ட பின்னர், கொழும்பின் குப்பை இச்சதுப்பின் தென்பகுதிக்குத் திருப்பப்பட்டது. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பல் கொழும்புக்கு அப்பாற் கடலிலே தீப்பற்றி, ஜூனில் அமிழ்ந்தது. அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் நீர்கொழும்புக் கரைகளிலே குவிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டு மீனவர் தொழிலிழந்தனர். தரையிலிருந்து வரும் கேடும் கடலிலிருந்து வரும் கேடும் இறுதியிலே கழிமுகத்திலேதான் சந்திக்கின்றன.

இனி, சிதைந்ததை மீட்பது எவ்வாறு என்னும் வினா எழுகின்றது. கண்டற் கன்றுகளை நடுவதே இதற்கு வழி எனப் பலர் உடனே விடையளிப்பர். இவ்விடையை நம் நாடு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், நல்லெண்ணத்தோடும் பெரும் பணத்தோடும் இலங்கையின் பல கரைகளிலே கண்டல் நடப்பட்டது. 23 இடங்களிலே நிகழ்ந்த இம்முயற்சிகளை ஆராய்ந்த ஆய்வாளர் குழு ஒன்று 2017 இல் தன் முடிபை வெளியிட்டது. நடப்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். அதிலே தழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களிலே ஒரு கன்றுகூட எஞ்சவில்லை.

ஏன் இவ்வாறாயிற்று? நீர் ஏறி இறங்கும் உயரத்தை அளவிடாது, கன்று நடுவதற்கு வசதியான இடத்திலே நட்டனர். அவ்விடத்துக்கு எந்த இனம் உரியது என்று பாராது, கைக்குக் கிடைத்த இனத்தை நட்டனர். நட்ட நாளிலே திரண்டவர்கள் பின்னர்த் திரும்பி வரவில்லை, மாடுகள் மேய்ந்தன, பாசி மூடிற்று. பராமரிப்பு நிகழ்ந்த இடங்களிலோ கன்றுகள் பிழைத்தன. ஹமில்ட்டன் வாய்க்காலை வெட்டியோருக்கும், நீரைப் பாராது கன்று நட்டோருக்கும் இடையே இருநூறு ஆண்டு இடைவெளி உண்டு. இருசாராருமே தாம் விரும்பியதை முதலிலே தீர்மானித்துவிட்டு, நீர் என்ன செய்யும் என்பதைப் பிறகு கண்டனர்.

ஆதலால் கழிமுகத்தை மீட்க விரும்புவோர் நீரிலிருந்து தொடங்கல் வேண்டும். கடல்வாயும் அதன் நீரோட்டங்களும் மணலாலும் ஆக்கிரமிப்பாலும் அடைபடாதிருத்தல் முதலாவது. ஓயாக்கள் கொண்டுவரும் நன்னீர் அளவிற் குன்றாமலும், ஆலைகளின் கழிவாலும் குப்பையாலும் மாசுறாமலும் வருதல் இரண்டாவது. இவ்விரண்டும் அமைந்தால், பல இடங்களிலே கண்டல் தானே வந்து முளைக்கும். அதன் விதைக்கன்றுகள் நீரிலே மிதந்து தமக்குரிய இடத்தைத் தாமே தேடுவன. தானாக முளையாத இடத்திலே, இடமும் இனமும் அறிந்து நடுதலும் நட்டதைச் சில ஆண்டுகள் காத்தலும் மூன்றாவது. இவை யாவற்றுக்கும் மேலாக, கட்டுதெல் மீனவரின் விதியைப் போன்று, களப்பினால் வாழ்வோர் தாமே ஒப்புக்கொண்டு காக்கும் விதிகள் வேண்டும். அவர்களைக் கேளாது வகுக்கப்படும் திட்டம் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருப்பினும் காகிதத்தோடு நின்றுவிடும்.

நகரம் வளர வேண்டாமா, வீதியும் மின்சாரமும் வேண்டாமா என்று கேட்போரும் உளர். அக்கேள்வி நியாயமானதே. 1991 ஆம் ஆண்டுத் திட்டமே அதற்கு விடை கூறியுள்ளது. கட்டடத்துக்கு ஒரு பகுதி, காவலுக்கு ஒரு பகுதி என்று அது வகுத்த கோட்டை மதித்தல் போதும். கோடு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வடக்கே நகருமாயின், ஒருநாள் களப்பின் நீரையே தொட்டுவிடும். அன்று இழப்பவர் மீனவர் மட்டுமல்லர்; மழைக்காலத்திலே ஜா-எலவிலும் வத்தளையிலும் வீட்டுவாசலில் வெள்ளத்தைக் காண்போர் அனைவருமாவர்.

நேயர்களே, இப்பேச்சைக் கேட்கும் உங்களிற் பலர் வேறு களப்புகளின் கரைகளிலே வாழ்பவர்கள். மட்டக்களப்பு தன் பெயரிலேயே களப்பை வைத்திருக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கடனீரேரியும், புத்தளத்துக் களப்பும், கொக்கிளாயும் அவ்வவ் ஊர்களுக்குச் சோறூட்டுவன. உங்கள் ஊரின் களப்பிலே கடல்வாய் எங்கே இருக்கின்றது, நன்னீர் எவ்வழியாக வருகின்றது, அவ்வழியை இப்பொழுது எது மறித்து நிற்கின்றது என்னும் மூன்று கேள்விகளையும் உங்கள் ஊர் முதிய மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். பாடசாலைப் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். எந்தத் திட்டத்துக்கும் முன்னர்த் தேவைப்படும் வரைபடம் அம்முதியவரின் நினைவிலே இருக்கின்றது. அவர் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நம் கடமை.